இரண்டு டாக்டருக்கு வேலை

பாலின்ரோ,
மேயோ மாவட்டம்.
மார்ச் 18

அன்புள்ள ரியோனாவுக்கு,

நூலா எழுதுவது. இங்கே நானும் போரிக்கும் நலம். நீ அங்கே பெர்த் வெயிலில் வெந்துபோகாமல் நலமாக இருக்க வேண்டும். பகல் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து ஊரார் முதுகெலும்பைப் பார்க்கிற என்னைச் சாயங்காலமும் திரை முன்னால் உட்கார்ந்து கடிதம் தட்டச் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் காகிதம். கையெழுத்தைக் குறை சொல்லாதே, நீயும் டாக்டர்தான்.

நேற்று புனித பாட்ரிக் திருநாள் ஊர்வலம். வழக்கம்போல மழை. டிராக்டர்களில் சுற்றியிருந்த பச்சைக் காகிதமெல்லாம் சாயம் வழிந்து, பள்ளிப் பிள்ளைகள் பச்சை முகத்தோடு வீடு திரும்பினார்கள். மற்றபடி எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விமானம் ஏறும்போது என்ன சொன்னாய்? "ரெண்டு டாக்டருக்கு வேலை இருக்குன்னு எழுது, மறுநாளே டிக்கெட் போட்டுடறேன்" என்றாய். கல்லூரி நாளிலிருந்து நாம் இருவரும் சேர்ந்து நடத்துவதாகப் பேசிவைத்த ஸ்கேன் மையம் இது. பழைய பால் கூட்டுறவுக் கட்டடத்தை வெள்ளையடித்து நான் தனியாகத் திறந்தேன். நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். இப்போதைக்கு ஒரு டாக்டருக்கே அரை நாள் வேலைதான். மீதி அரை நாள் நானும் வரவேற்பில் இருக்கும் பெர்னியும் டீ குடிக்கிறோம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொடுத்த கம்பெனி இலையுதிர் காலம் வரை பொறுத்துப் பார்க்குமாம். அதற்குள் ஆள் வராவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடும். டப்ளினிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வேறு, விற்கிறீர்களா என்று மாதம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பயந்துவிடாதே. எனக்குப் பயமில்லை, கோபம்தான். கோபம் யார்மேல் என்றால், எனக்கு மோதிரம் போட்டு இந்த ஊருக்கு அழைத்துவந்த போரிக்மேல்.

மையத்தின் நிர்வாகத்தை அவன் பார்க்கிறான், மருத்துவத்தை நான் பார்க்கிறேன் என்று ஏற்பாடு. விளம்பரம் செய்கிறேன் பேர்வழி என்று என்னைக் கேட்காமலே பாலின்ரோ கால்பந்துக் குழுவுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்து, மார்புக்குக் குறுக்கே நம் மையத்தின் பெயரை அச்சடித்துவிட்டான். அவன் பிறந்த ஊர் பாலின்ரோ, அந்தப் பாசம். போகட்டும் என்று விட்டேன். போன இலையுதிர் காலத்தில் அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்து ஊர் கில்பிராக்கை ஜெயித்தார்கள். அதுவும் கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு கோலில். அது செல்லாத கோல் என்று கில்பிராக்கில் கைக்குழந்தைகூடச் சொல்லும். மறுநாள் பத்திரிகையில் அந்த கோல் போட்டவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற படம், அரைப் பக்கத்துக்கு. அவன் நெஞ்சில் கொட்டை எழுத்தில் நம் மையத்தின் பெயர்.

அன்றிலிருந்து கில்பிராக்கிலிருந்து ஓர் ஈ காக்கைகூட நம் வாசலை மிதிக்கவில்லை. நீயும் நானும் பிறந்த ஊர், காரில் ஏறினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம், ஆனால் வரமாட்டார்கள். தபால் நிலையத்து பிலோமினா பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு, நம் வாசல் வழியாகவே கால்வே ஆஸ்பத்திரிக்குக் காரில் போனாள். பெர்னி ஜன்னலிலிருந்து கையசைத்தாளாம். பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். "அந்தப் பேரு எழுதின கட்டடத்துல போய்ப் படுக்கறதுக்கு நான் ஆயுசு முழுக்க நொண்டிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்" என்று தபால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பற்றிச் சொல்வது இன்னும் மோசம். கில்பிராக்கில் பிறந்துவிட்டுப் பாலின்ரோவில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே போனதும் ஆளே மாறிவிட்டாள் என்கிறார்கள்.

இதற்குப் போரிக் கண்டுபிடித்த பரிகாரத்தைக் கேள். கில்பிராக் குழுவுக்கும் அதே பெயர் போட்டு ஜெர்சி அனுப்பினான். அவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். செய்தி தெரிந்ததும் பாலின்ரோக்காரர்கள், "எங்க நெஞ்சுல இருக்கற பேரு அவனுங்க நெஞ்சுலயுமா? எங்களை என்னன்னு நெனச்ச?" என்று வீட்டு வாசலுக்கே வந்து சண்டை பிடித்தார்கள். ஒரே சட்டையில் இரண்டு ஊரையும் பகைத்துக்கொண்ட ஒரே மனிதனுக்கு நான் மனைவி.

பிறகு டப்ளினிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்தினான். பளபளப்பான விளம்பரத் தாள்களும் பிஸ்கட் டப்பாக்களும் எடுத்துக்கொண்டு அவள் சுற்றுவட்டாரக் குடும்ப டாக்டர்களையெல்லாம் போய்ப் பார்த்தாள். அவர்கள் பிஸ்கட்டைத் தின்றார்கள், ஸ்கேனுக்குச் சீட்டை வழக்கம்போல வேறு ஊருக்கே எழுதினார்கள்.

கில்பிராக்குக்கு இருப்பது ஒரே டாக்டர். அவர் உன் அப்பா. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதினால்தான் என் கோபம் ஆறும். அவர் சீட்டு எழுதினால் ஊரே வரும், எழுதாவிட்டால் ஊரே வராது. ஜெர்சி அவருக்கு ஒரு சாக்கு. உண்மையான வருத்தம் வேறு. நீ குடும்ப டாக்டராகி அவர் நாற்காலியில் உட்காராமல், இருட்டறையில் படம் பார்க்கும் படிப்புக்குப் போனதற்குத் தூபம் போட்டவள் நான் என்று நினைக்கிறார். நம் தொழிலையே அவர் மதிப்பதில்லை. "போட்டோ புடிக்கறவங்களுக்கு எதுக்கு டாக்டர்னு பேரு?" என்று மாதா கோயில் வாசலில் வைத்துக் கேட்டார், என் காதில் விழட்டும் என்றே. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் இருவரும் இன்னும் மழையையும் கால்பந்தையும் மட்டும்தான் பேசுகிறீர்களா? உன் அம்மா இருந்தவரை நடுவில் நின்று பேசவைத்தாள். இப்போது அந்த வீட்டில் பேசவைக்க யாரும் இல்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரை நம்பினால்தான் சீட்டு வரும். அந்த நம்பிக்கையை பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொடுக்க முடியாது. இது போரிக்கின் வேலை இல்லை, டப்ளின் பெண்ணின் வேலை இல்லை, என் வேலை. இருட்டறையை விட்டு வெளியே வருகிறேன். நீ பெட்டியைத் தூசி தட்டி வை.

கடவுள் உன்னை அங்கே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
நூலா

*

பாலின்ரோ
ஜூன் 20

அன்புள்ள ரியோனாவுக்கு,

உன் கடிதமும் கங்காரு படம் போட்ட துண்டும் வந்தன. துண்டைப் போரிக் எடுத்துக்கொண்டான். புல் அறுக்கும் நேரம், ஊரில் ஒருவருக்கும் பேச நேரமில்லை. அப்படியிருந்தும் இந்த வாரம் எனக்கு மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடும்படி ஆயிற்று. நல்ல செய்தி என்று புரிந்துகொள்.

நீ கேட்ட மாதிரி விவரமாகவே எழுதுகிறேன். முதலில் குடும்ப டாக்டர்களைத் தேடி நானே போனேன், மதிய இடைவேளையில், கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல். அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து, எங்கள் ரிப்போர்ட்டுகளில் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. ஆற்றுப் பக்கம் இருக்கும் டாக்டர் உர்சுலா என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "'இதையும் இல்லைன்னு சொல்ல முடியாது, அதையும் இல்லைன்னு சொல்ல முடியாது'ன்னு எழுதி அனுப்பறீங்க. எதிர்ல ஒரு பொம்பள அழுதுகிட்டு உட்கார்ந்திருக்கா. நான் எதைத்தான் இல்லைன்னு சொல்றது?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசியிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: இவர் என் நோயாளியாக இருந்தால் நான் அடுத்து இதைச் செய்வேன். அவ்வளவுதான். கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால் தபாலுக்குக் காத்திருக்காமல் நானே போன் செய்கிறேன். என் சொந்த எண்ணை எல்லா டாக்டர்களிடமும் கொடுத்திருக்கிறேன். சந்தேகமா, சீட்டு எழுதுமுன் என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உர்சுலா முதல் வாரம் தினமும் கேட்டாள். நான் அலுத்துக்கொள்கிறேனா என்று சோதித்தாள் என்று நினைக்கிறேன். இப்போது அவள் நோயாளிகள் எல்லாரும் நம்மிடம்தான்.

கில்பிராக் மட்டும் அசையவில்லை. மே மாதம் ஒரு விவசாயி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், கில்பிராக்காரர் என்று மட்டும் தெரிந்துகொள். புல் அறுக்கும் நேரத்தில் கால்வே வரை போய்வர அவருக்குப் பொறுமை இல்லை. உன் அப்பாவிடம் சண்டை போட்டு, முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நம் மையத்துக்கே சீட்டு வாங்கிவிட்டார். கோபத்தில் எழுதிய சீட்டு, பேனா முனை தாளைக் கிழித்திருந்தது. போரிக் அந்தச் சீட்டை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினான்.

நான் அவரை இயந்திரத்துக்கு அனுப்புமுன் கூடத்தில் நடந்து வருவதைப் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் ரப்பர் பூட்ஸைக் கழற்ற முடியாமல் திணறினார். நானே மண்டிபோட்டு இழுத்தேன். பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பியதும், "கடவுளே!" என்று இடுப்பின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். உனக்குப் புரிந்திருக்கும். வலிப்பது முழங்கால், வீணாய்ப்போனது இடுப்பு மூட்டு. எம்.ஆர்.ஐ. தேவையே இல்லை, சாதாரண எக்ஸ்ரே போதும். அதைச் சொன்னதும் போரிக் தலையில் கைவைத்துக்கொண்டான். "மெஷின் சும்மா கெடக்குது. கில்பிராக்லருந்து தப்பித்தவறி வந்த ஒரே ஆளு. அவரையும் வேணாம்னு அனுப்பற! நீ சென்டர் நடத்தறியா, இல்ல மடம் நடத்தறியா?" என்று கத்தினான். வாயை மூடு என்று சொல்லிவிட்டு உன் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

சின்ன வயதில் எனக்கு ஊசி போட்ட மனிதர். இடுப்பு மாதிரி தெரிகிறது, எக்ஸ்ரே எடுக்க உங்கள் அனுமதி வேண்டும் என்றேன். "நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றார். நினைக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உங்களுக்குத் தோணாம இருக்குமா டாக்டர்? அந்த மனுஷன் ஒரு நிமிஷம் நின்னு காலைக் காட்டியிருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க" என்றேன். கடைசியில், "வந்த ஆளை மெஷின்ல போடாம எனக்குப் போன் பண்ற போட்டோக்காரி நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு சீட்டு. அதற்கடுத்த வாரம் இன்னும் சில. ஒன்றில் அவர் கையெழுத்தில், "ஸ்கேன் தேவையா என்று நீயே பார்த்துச் சொல்" என்று எழுதியிருந்தது. ரியோனா, அதைப் பார்த்து நான் பெர்னியைக் கட்டிப்பிடித்தேன். உன் அப்பா யாரிடமாவது "நீயே பார்த்துச் சொல்" என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நீ பட்டம் வாங்கியபோதுகூட உன்னிடம் சொன்னதில்லையே.

ஆனாலும் சீட்டு வருகிற அளவுக்கு ஆள் வருவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், ஜெர்சிக்காரன் கட்டடத்துக்கா என்று பாதிப் பேர் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்களாம். பரவாயில்லை. டாக்டரே இறங்கிவந்தார், ஊர் எம்மாத்திரம்? ஒரு டாக்டருக்கு முழு நாள் வேலை வந்துவிட்டது. இன்னொருத்திக்கும் வரும். அதிகமாக வெயிலில் அலையாதே.

அன்புடன்,
நூலா

*

பாலின்ரோ
செப்டம்பர் 9

அன்புள்ள ரியோனாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, நிதானமாக, கையில் டீயோடு படி.

முதலில் மையத்தின் செய்தி. ஜெயித்துவிட்டோம். இயந்திரக் கம்பெனிக்காரர் போன வாரம் வந்தார், கழற்றிப் போக இல்லை, கைகுலுக்கிவிட்டுப் போக. டப்ளின் நிறுவனம் கேட்பதை நிறுத்திவிட்டது. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஆள் நிற்கிறது. சாயங்காலம் ரிப்போர்ட் எழுதி முடிக்கும்போது கண் எரிகிறது. சொன்னேனா இல்லையா? இரண்டு டாக்டருக்கு வேலை இருக்கிறது. தாராளமாக இருக்கிறது.

கில்பிராக் எப்படித் திரும்பியது என்று நீ வேறு யார் வாயிலாகவும் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் பாலின்ரோவுக்கும் கில்பிராக்குக்கும் போட்டி. கடைத்தெரு முழுக்க இரண்டு ஊர்க்காரர்களும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே உன் அப்பா கழுத்தில் டையும், அதற்கு மேல் கில்பிராக்கின் பச்சை ஜெர்சியுமாக, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து நம் மையத்துக்குள் வந்தார். பாலின்ரோக்காரர்கள் விசிலடித்தார்கள். "டாக்டரய்யா, வழி தவறிட்டீங்களா? உங்க ஊரு அந்தப் பக்கம்!" என்று ஒருவன் கத்தினான். "என் வழி எனக்குத் தெரியும்டா. நீ பொறந்தப்ப தலைகீழா வந்தே, உனக்கு வழி காட்டினதே நான்தான்" என்றாராம். தெருவே சிரித்ததாம்.

உள்ளே வந்து பெர்னியிடம் தன் பெயரை, கூடம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். ஜெர்சியைக் கழற்றும்படி பெர்னி கேட்டாள். "பட்டன் இருக்கா? ஜிப் இருக்கா? இரும்பு இருக்கா? அப்புறம் எதுக்குக் கழட்டணும்?" என்றார். அவர் சொன்னது சரி, டையை மட்டும் கழற்றிக் கொடுத்தார். காத்திருந்தவர்களைப் பார்த்து, "உள்ள போய்ப் படுத்துப் பார்க்கறேன். கடிச்சா வெளிய வந்து சொல்றேன்" என்றார். வெளியே வந்தபோதும் அதே சிரிப்போடு, கடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் போட்டியில் கில்பிராக் தோற்றது. ஆனால் திங்கட்கிழமை முதல் ஆளாக பிலோமினா வந்து நின்றாள், ஆறிப்போன கணுக்காலைக் காட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது. எங்களுக்கு வழி திறந்துவிடத்தான் டாக்டர் போய்ப் படுத்தார் என்று ஊர் சொல்கிறது. பெர்னியும் அப்படித்தான் சொல்கிறாள். போரிக் அவரை மாமனிதர் என்கிறான்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் திரையில் பார்த்ததை அங்கே படுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்வதில்லை, போரிக்கிடம்கூட. கில்பிராக் என்னை நம்பி வருவதே அதனால்தான். நீயும் அதே சட்டத்தில் வாழ்கிறவள், உனக்கு விளக்கத் தேவையில்லை.

டாக்டராக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் தோழியாக, அடுத்த ஊர்க்காரியாகக் கண்ணால் பார்த்ததை எழுத எனக்கு யார் தடை? உன் அப்பா இந்தக் கோடையில் சதுப்புக்குப் போய் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டவில்லை. குளிருக்கு வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெட்டிக் காயவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அவரும் சும்மா இருந்தார். அவர் மருத்துவமனையில் வாரத்தில் பாதி நாள் காசில்பாரிலிருந்து வரும் ஒரு பெண் டாக்டர் உட்காருகிறாள். கால்பந்துக் குழுவுக்கான மருந்துப் பையை உர்சுலாவிடம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். உருளைக்கிழங்கைத் தட்டில் இங்கேயும் அங்கேயும் நகர்த்திவைத்துவிட்டு, நன்றாக இருந்தது என்கிறார். போன ஞாயிறு போரிக் அவரைச் சீண்டுவதற்காக அந்தப் பழைய கோல் கதையை எடுத்தான். உன் அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி போரிக், செல்லும்னே வச்சுக்கயேன்" என்றார். போரிக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. அவர் போன பிறகு, "அவருக்கு என்ன ஆச்சு நூலா?" என்று கேட்டான். பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்துபோய்விட்டேன்.

அன்று அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டேன். ரியோனாவுக்கு எழுதுகிறாயா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "சென்டர் நல்லா வளருதுன்னு எழுது. இன்னொரு டாக்டர் இல்லாம உனக்கு முடியலைன்னு எழுது. அதெல்லாம் நெஜந்தானே?" என்றார். நிஜம்தான் என்றேன். வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். காரின் கதவைத் திறந்தார். "வேற எதையும் எழுதாத. அவ வந்தா வேலைக்காக வரட்டும். என்னைப் பார்க்கப் பதறிக்கிட்டு வர்றதுக்கு, அங்க அவ நிம்மதியா இருக்கட்டும்" என்றார். கார் திருப்பம் தாண்டும் வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருட்டறையில் எத்தனையோ படம் பார்த்தவள் நான். உன் அப்பா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்கு முன்பே இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லாதே என்று அப்போது அவர் தடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்கேனுக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாலை, மற்றவர்கள் வருமுன், என் அறையில் வந்து உட்கார்ந்தார். திரையில் இருந்த ஏதோ ஒரு படத்தை, யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன், ஒன்றொன்றாக அவருக்கு விளக்கினேன். கண் எடுக்காமல் பார்த்தார். எல்லாம் கேட்டு முடித்தபின், "ரியோனாவும் இந்த மாதிரிதான் ஒருத்தருக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லுவாளா?" என்று கேட்டார். என்னைவிட நன்றாகச் சொல்லுவாள் என்றேன். "அப்ப அவ டாக்டர்தான்" என்றார்.

ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். முடிந்தபின் நிச்சயம் வருவேன் என்கிறாய். ஒப்பந்தங்களைப் போரிக் நன்றாகப் படிப்பான். உன்னுடையதை அனுப்பு, வெளியே வர ஒரு வழி கண்டுபிடிப்பான். மையத்தில் உன் அறையைப் பெர்னி தயார் செய்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும்.

போனில் கூப்பிட்டு என்னைக் கேள்வி கேட்காதே. பொய் சொல்ல எனக்கு வராது, நிஜத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரிடமும் எதுவும் கேட்காதே. வேலைக்கு வருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல். மழையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொல்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று பதில் எழுதிவிடாதே, ரியோனா. மற்ற வருடங்களில் அது நல்ல பதில். இந்த வருடம் என் மையம் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காது.

ஆண்டவரும் அன்னை மரியாளும் உன் வழிக்குத் துணையிருக்கட்டும். பத்திரமாக வீடு வந்து சேர்.

என்றும் உன்,
நூலா